மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன் தரும் விடை எந்தக் கேரக்டர் செட்டில் வருகிறது? 8.0, 8.4 சர்வர்கள் பற்றி ஒரு மதிப்புரை

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரில் டேபிளுக்கு என்ன கேரக்டர் செட் (எழுத்துகளைப் பைட்களாக வைக்கும் முறை), ஃபீல்டுக்கு என்ன கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) என்பதை டேபிளின் வரையறையைத் திறந்தால் பார்த்துவிடலாம். ஃபங்ஷன் திருப்பித் தரும் விடைக்கும் இவை இரண்டும் உண்டு, ஆனால் குவெரியில் எங்கேயும் எழுதியிருக்காது. சர்வர் தானாக முடிவு செய்கிறது. மைஎஸ்க்யூஎல் அந்த முடிவை எப்படி எடுக்கிறது, எங்கே சரியாக எடுக்கிறது, எங்கே காலை வாரிவிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பத்துக்கு ஏழு கொடுக்கலாம். குறைந்த மூன்றில் இரண்டு, சேமித்த ஃபங்ஷன்களால் (நாமே எழுதிச் சர்வரில் வைப்பவை) போனவை.

முதலில் சோதிக்கும் கருவிகள். சார்செட், கொலேஷன், கோயர்சிபிலிட்டி என்று மூன்று ஃபங்ஷன்கள் சர்வரிலேயே இருக்கின்றன. சந்தேகமான எந்த எக்ஸ்பிரஷனையும் இவற்றுக்குள் போட்டால் கேரக்டர் செட், கொலேஷன், கலப்பில் அதற்கு உள்ள பிடிவாதம் மூன்றும் தெரிந்துவிடும். நான்காவது கருவி ஹெக்ஸ், ஸ்ட்ரிங்கின் பைட்களைப் பதினாறடிமான எண்களாகக் காட்டுவது. திரையில் தெரிவதை நம்பாதீர்கள், ஹெக்ஸ் காட்டுவதை நம்புங்கள். கேரக்டர் செட் தகராறில் பாதி நேரம் திரைதான் பொய் சொல்லும்.

ஃபங்ஷன்களை விடையின் பிறப்பிடம் பார்த்து நான்கு கூட்டமாகப் பிரிக்கலாம்.

உள்ளே கொடுத்த ஸ்ட்ரிங்கின் கேரக்டர் செட்டையே திருப்பித் தருபவை முதல் கூட்டம். அப்பர், லோயர், லெஃப்ட், ரைட், சப்ஸ்ட்ரிங், ட்ரிம், ரிவர்ஸ், ரிப்பீட், ரீப்ளேஸ் எல்லாம் இதில் சேரும். லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் மட்டும் உள்ளது) ஃபீல்டைக் கொடுத்தால் லத்தீன்1, யூடிஎஃப்8எம்பி4 (யூனிகோட் முழுவதையும் கொள்வது) கொடுத்தால் அதுவே. குறை சொல்ல இடமில்லை. ஆனால் இவை "எழுத்து" என்று எண்ணுவது யூனிகோட் குறியீட்டை; நாம் எழுத்து என்று சொல்வதை அல்ல. 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்றெழுத்து. கேர்_லெங்த் 5 என்கிறது, ஏனென்றால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். லெங்த் 15 என்கிறது, ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். லெஃப்ட் போட்டு இரண்டு எழுத்து கேட்டால் 'தம' வரும், இகரம் கழன்றுவிடும். நான்கு கேட்டால் 'தமிழ', புள்ளி போய்விட்டது. ரிவர்ஸ் போட்டால் வேடிக்கை: புள்ளி ஒட்ட இடமில்லாமல் முன்னால் தொங்கும், ம-வை விட்டு வந்த இகரம் ழ-வின் மேல் ஏறிக்கொண்டு 'ழிமத' என்று நிற்கும். சர்வர் மேல் தப்பில்லை. உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணும் ஃபங்ஷன் அதனிடம் கிடையாது. பெயரைச் சுருக்கி 'லெஃப்ட் 10' என்று காட்டும் வேலையை அப்ளிகேஷன் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வார்கேர் அளவும் இதே கணக்குதான் என்பதால், 20 எழுத்துப் பெயர் என்று நினைத்து 20 வைத்தால் போதாது.

இரண்டாவது கூட்டம், க்ளையன்டுக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பின் கேரக்டர் செட்டை எடுத்துக்கொள்பவை. எண்ணையோ தேதியையோ ஸ்ட்ரிங்காக மாற்றினால் விடை கேரக்டர்_செட்_கனெக்ஷன், கொலேஷன்_கனெக்ஷன் ஆகிய இரண்டு மாறிகளின்படி வரும். எம்டி5, ஷா1, ஹெக்ஸ் ஆகியவற்றின் விடையும் அப்படியே. 5.5.3-க்கு முன்பு இதெல்லாம் பைனரியாக வந்தது. அப்போது எம்டி5 விடையை அப்பருக்குள் போட்டால் ஒரு எழுத்தும் பெரிதாகாது, ஏனென்றால் பைனரி ஸ்ட்ரிங்கில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே இல்லை. எண்களை கான்கேட்டில் சேர்த்து அதிலிருந்து டேபிள் உருவாக்கினால் வார்பைனரி ஃபீல்டு பிறக்கும். அந்தக் காலத்து டேபிள்களை இன்னும் வைத்திருப்பவர்கள், எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஏன் வார்பைனரி இருக்கிறது என்று குழம்பினால் காரணம் இதுதான்.

இந்தக் கூட்டத்தில் சுவையானது டேட்_ஃபார்மட். மாதப் பெயர், கிழமைப் பெயரை எந்த மொழியில் தருவது என்பதை எல்சி_டைம்_நேம்ஸ் என்ற மாறி முடிவு செய்கிறது. அதில் தமிழுக்கு டிஏ_ஐஎன் உண்டு. போட்டுவிட்டால் மன்த்நேம், டேநேம், டேட்_ஃபார்மட் மூன்றும் தமிழில் பேசும். ஆனால் இணைப்பு லத்தீன்1-இல் இருந்தால் 'மார்ச்' என்பது ஆறு கேள்விக்குறிகளாக வரும். ஆறு ஏன் என்றால் அதில் ஆறு குறியீடுகள். தேதி சரி, மொழி சரி, ஃபங்ஷனும் சரி, இணைப்பில்தான் கோளாறு. இன்னொன்று: இந்த மாறி ஒருவழிப் பாதை. டேட்_ஃபார்மட் தமிழில் எழுதியதை ஸ்ட்ர்_டு_டேட் திரும்பப் படிக்காது, அதற்கு ஆங்கிலப் பெயர்தான் தெரியும். தமிழ் மாதப் பெயரோடு கோப்பை ஏற்றுமதி செய்து அதையே இறக்குமதி செய்யும் திட்டம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

ஆக இணைப்பைச் சரியாக வைப்பது பாதி வேலை. செட் நேம்ஸ் என்ற ஒரே கட்டளை க்ளையன்ட், கனெக்ஷன், ரிசல்ட்ஸ் ஆகிய மூன்று மாறிகளையும் சேர்த்து மாற்றும். ஆனால் அதைக் குவெரியாக அனுப்புவதை விட டிரைவரின் சொந்த வழியில் மாற்றுவது நல்லது. பிஎச்பியில் மைஎஸ்க்யூஎல்ஐ_செட்_சார்செட் மாதிரி. குவெரியாக அனுப்பினால் சர்வருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியாது. மேற்கோள் குறிகளை எஸ்கேப் செய்யும்போது அது பழைய கேரக்டர் செட்டையே நினைத்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். இணைப்பு தொடங்கும்போது க்ளையன்ட் ஒரு கொலேஷன் எண்ணை அனுப்புகிறது. பழைய லைப்ரரிகள் யூடிஎஃப்8எம்பி4 என்றால் 45 அனுப்பும், அது ஜெனரல்_சிஐ. 8.0-இன் இயல்பு கொலேஷனான 0900_ஏஐ_சிஐ-யின் எண் 255. எனவே ஒரே சர்வர், ஒரே குவெரி, இரண்டு க்ளையன்ட் என்றால் எம்டி5 விடையின் கொலேஷன் இரண்டு விதமாக வரலாம். கட்டளைத் திரையில் ஓடியது அப்ளிகேஷனில் பிழை கொடுத்தால் முதலில் இரு பக்கமும் கொலேஷன்_கனெக்ஷன் மாறியை எடுத்து ஒப்பிடுங்கள். இந்த இரண்டு கொலேஷன்களுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு: ஜெனரல்_சிஐ கடைசி இடைவெளியைக் கண்டுகொள்ளாது, 0900_ஏஐ_சிஐ கண்டுகொள்ளும். பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிய கான்கேட் விடை பழைய சர்வரில் பொருந்தியிருக்கும், புதியதில் பொருந்தாது.

மூன்றாவது கூட்டம் சர்வரின் சொந்தச் சொத்து: யூசர், கரன்ட்_யூசர், வெர்ஷன், டேட்டாபேஸ், யூயூஐடி (தனித்த அடையாளக் குறி உருவாக்குவது). நீங்கள் இணைப்பில் என்ன வைத்தாலும் இவை யூடிஎஃப்8எம்பி3-இல்தான் (ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் வரை மட்டும் கொள்ளும் பழைய வடிவம்) வரும், சர்வர் தன் மெட்டாடேட்டாவை அதில் வைத்திருப்பதால். எம்பி4 இதன் மேற்தொகுதி என்பதால் சேர்க்கையில் பெரும்பாலும் சத்தமில்லாமல் மாறிக்கொள்ளும். பெரும்பாலும்தான். யூயூஐடியில் உள்ள கோடுகளை நீக்க அதை ரீப்ளேஸுக்குள் போட்டு, ஒரே அப்டேட்டில் டேபிள் முழுக்க நிரப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. இணைப்பு யூடிஎஃப்8எம்பி4-ஆக இருந்தால் சில வெளியீடுகளில் எல்லா வரிசைக்கும் ஒரே யூயூஐடி வந்து உட்காரும். எம்பி3-இலிருந்து எம்பி4-க்கு மாற்றும் படி ஒன்றை சர்வர் நடுவில் செருகி, ஒருமுறை மாற்றியதையே மாறிலியாக எண்ணி எல்லா வரிசைக்கும் வைத்துவிடுகிறது. யூனிக் இன்டெக்ஸ் இருந்தால் இரண்டாவது வரிசையிலேயே பிழை வந்து காப்பாற்றும், இல்லாவிட்டால் தெரியவே தெரியாது. முதல் அப்டேட்டில் யூயூஐடியை அப்படியே எழுதுங்கள், இரண்டாவது அப்டேட்டில் ஃபீல்டின் மேல் ரீப்ளேஸ் போடுங்கள். இரண்டு வரி அதிகம், தொல்லை இல்லை.

நான்காவது கூட்டம் பைனரி தருபவை: சார், அன்ஹெக்ஸ், கம்ப்ரெஸ், ஏஇஎஸ்_என்கிரிப்ட், ஏஇஎஸ்_டிகிரிப்ட், ரேண்டம்_பைட்ஸ், யூயூஐடி_டு_பின், வெய்ட்_ஸ்ட்ரிங். இதில் சார் ஃபங்ஷன்தான் பலரை ஏமாற்றும். எண்ணைக் கொடுத்தால் எழுத்து வரும் என்று எதிர்பார்ப்போம். அது பைட் தருகிறது. 8.0.19-இலிருந்து கட்டளைத் திரையில் நேரடியாக வேலை செய்யும்போது பைனரி விடைகள் ஹெக்ஸாகவே காட்டப்படுகின்றன என்பதால், சார் 65 என்று கேட்டால் பெரிய 'ஏ' எழுத்துக்குப் பதில் 41 என்று முடியும் ஹெக்ஸ் எண் நிற்கும். பிழை இல்லை, காட்டும் முறை மட்டும்தான். எழுத்தாக வேண்டுமென்றால் அடைப்புக்குள்ளேயே யூசிங் யூடிஎஃப்8எம்பி4 சேருங்கள். ஆனால் அப்போதும் அது யூனிகோட் எண்ணை எதிர்பார்க்கவில்லை, பைட்களைத்தான் எதிர்பார்க்கிறது. 'அ' வேண்டுமானால் அதன் யூனிகோட் எண் 2949-ஐக் கொடுக்கக் கூடாது; 224, 174, 133 என்ற மூன்று பைட்களைக் கொடுக்க வேண்டும். தலைகீழாக, ஆஸ்கி ஃபங்ஷனிடம் 'அ' கொடுத்தால் முதல் பைட்டான 224 மட்டும் வரும். ஆர்ட் ஃபங்ஷன் மூன்றையும் கோர்த்து 14724741 என்று ஒரு பெரிய எண் தரும். இரண்டுமே 2949 அல்ல.

என்கிரிப்ட் செய்த விடையை வார்கேரில் வைக்காதீர்கள். கேரக்டர் செட் மாற்றம் எங்காவது ஒரு பைட்டைத் தொட்டால் போதும், டிகிரிப்ட் நல் என்ற வெற்று மதிப்பையோ குப்பையையோ கொடுத்துவிட்டுப் போகும். வார்பைனரியோ பிளாபோதான் இடம். டிகிரிப்ட் விடையும் பைனரிதான், அதில் தேட வேண்டுமென்றால் கன்வர்ட் யூசிங் யூடிஎஃப்8எம்பி4 போட்ட பிறகு தேடுங்கள். காஸ்ட் ஆஸ் கேர் போதாதா என்றால், அது இணைப்பின் கேரக்டர் செட்டை எடுத்துக்கொள்ளும்; இணைப்பு மாறினால் விடையும் மாறும். யூசிங் என்று பெயர் சொல்லி எழுதுவது அதிகப்படி போலத் தோன்றும், பிற்பாடு பலன் தரும்.

இனி கலப்பு. இரண்டு ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும்போதோ கான்கேட்டில் சேர்க்கும்போதோ யார் சொன்ன கொலேஷன் நிற்கும்? இதற்கு சர்வர் வைத்திருக்கும் ஏற்பாடு உண்மையிலேயே நன்றாக யோசித்தது. கோயர்சிபிலிட்டி என்பதை விட்டுக்கொடுக்கும் எண் என்று சொல்லலாம். கொலேட் என்று வெளிப்படையாக எழுதியதற்கு 0, அது யாருக்கும் விட்டுக்கொடுக்காது. வேறு வேறு கொலேஷன் சேர்ந்த கான்கேட்டுக்கு 1. ஃபீல்டு, சேமித்த ரொட்டீனின் பாராமீட்டர், உள் மாறி இவற்றுக்கு 2. யூசர், வெர்ஷன் போன்றவற்றுக்கு 3. குவெரியில் எழுதிய லிட்டரலுக்கு 4. எண்ணும் தேதியும் 5. நல் 6. சிறிய எண் ஜெயிக்கும். எனவே ஃபீல்டும் லிட்டரலும் மோதினால் ஃபீல்டு சொன்னது நிற்கும். நாள் முழுக்க எழுதும் குவெரிகளில் பெரும்பாலானவை இதனால்தான் பிரச்சினையில்லாமல் ஓடுகின்றன.

எண் சமமாகும்போதுதான் சண்டை. ஒரு பக்கம் யூனிகோட், மறு பக்கம் லத்தீன்1 என்றால் யூனிகோட் பக்கம் போகும். ஒரே கேரக்டர் செட்டில் ஒன்று '_பின்' என்று முடியும் பைனரி கொலேஷன், மற்றது '_சிஐ' என்று முடிவது (பெரிய, சிறிய எழுத்து பார்க்காதது) என்றால் '_பின்' கொலேஷன் நிற்கும். இரண்டும் யூனிகோட், கொலேஷன் மட்டும் வேறு என்றால் 1267: இல்லீகல் மிக்ஸ் ஆஃப் கொலேஷன்ஸ். மூன்று பேர் சண்டையென்றால் 1270, அதற்கும் மேல் 1271. பிழைச் செய்தியில் அடைப்புக்குள் இம்ப்ளிசிட், கோயர்சிபிள் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மேலே போங்கள். யார் பக்கம் எந்த எண் என்பது அதில்தான் இருக்கிறது. பலரும் அதைப் படிக்காமலே கொலேட்டைக் கண்ட இடத்தில் ஒட்டுகிறார்கள்.

ஒட்டும் இடம் முக்கியம். ஃபீல்டின் பக்கம் ஒட்டினால் அந்த ஃபீல்டின் இன்டெக்ஸ் பயன்படாது, பிழை போய் மந்தம் வரும். மறு பக்கம், அதாவது மாறி, லிட்டரல் அல்லது ஃபங்ஷன் விடையின் பக்கம், ஃபீல்டின் கொலேஷனை ஒட்டுங்கள். இதே மந்தம் பிழை எதுவும் இல்லாமலும் வரும்: எம்பி3 ஃபீல்டையும் எம்பி4 ஃபீல்டையும் ஜாயின் செய்தால் சர்வர் எம்பி3 பக்கத்தை கன்வர்ட்டுக்குள் மறைமுகமாகச் சுற்றிவிடும். குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டு, உடனே ஷோ வார்னிங்ஸ் போடுங்கள். மாற்றி எழுதிய குவெரியில் அந்த கன்வர்ட் தெரியும்.

சோதனையில் பிடிபடாத ஒன்றும் உண்டு. ஒரு ஸ்ட்ரிங்கில் ஆஸ்கி எழுத்துகள் மட்டும் இருந்தால் சர்வர் அதைத் தனியாகக் குறித்துவைத்து, எந்தக் கேரக்டர் செட்டுக்கும் தயங்காமல் மாற்றிவிடும். லத்தீன்1 ஃபீல்டை ஆங்கிலச் சொல்லோடு ஒப்பிட்டால் ஓடும், தமிழ்ச் சொல்லோடு ஒப்பிட்டால் அதே குவெரி 1267 தரும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்து அனுப்பிய மென்பொருள் முதல் தமிழ்ப் பெயரில் விழுவது இப்படித்தான். சோதனைத் தரவில் ஒரு தமிழ்ச் சொல்லும் ஒரு இமோஜியும் கட்டாயம் வையுங்கள். முதலாவது லத்தீன்1-ஐக் காட்டிக்கொடுக்கும், இரண்டாவது எம்பி3-ஐ.

சேமித்த ஃபங்ஷன்களுக்கு வருவோம். ரிட்டர்ன்ஸ் வார்கேர் 100 என்று மட்டும் எழுதினால் கேரக்டர் செட்டும் கொலேஷனும் அந்த நேரத்தில் டேட்டாபேஸ் வைத்திருந்த இயல்பிலிருந்து வரும். வந்ததும் உறைந்துவிடும். பிற்பாடு ஆல்டர் டேட்டாபேஸ் போட்டு இயல்பை மாற்றினாலும் பழைய ஃபங்ஷன் பழையதிலேயே நிற்கும். நீக்கி மறுபடி உருவாக்குவதைத் தவிர வழி கிடையாது. எச்சரிக்கை ஒன்றும் வராது. இதுதான் இந்தச் சர்வரில் நேராகக் குறை சொல்ல வேண்டிய இடம். 8.0-இல் இயல்பு லத்தீன்1-இலிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்கு மாறியதால் அடி இன்னும் பலம்: டேபிள்கள் பழைய டம்பிலிருந்து (ஏற்றுமதிக் கோப்பு) ஜெனரல்_சிஐ-யோடு வந்திருக்கும், புதிய சர்வரில் உருவாக்கிய டேட்டாபேஸ் 0900_ஏஐ_சிஐ-யோடு இருக்கும், அதில் எழுதிய ப்ரொசீஜரின் பாராமீட்டரும் அதையே எடுத்துக்கொள்ளும். குவெரியில் நிபந்தனை எழுதும் 'வேர்' பகுதியில் ஃபீல்டையும் பாராமீட்டரையும் ஒப்பிட்டால் இருபுறமும் 2, கொலேஷன் வேறு, 1267. அட் குறி போட்ட யூசர் மாறியை வைத்து ஒப்பிட்டாலும் இதே கதை. எழுதும்போதே பாராமீட்டர், ரிட்டர்ன்ஸ், டிக்ளேர் மூன்றிலும் கேரக்டர் செட்டையும் கொலேஷனையும் பெயர் சொல்லி எழுதிவிடுவதே மருந்து.

கேள்விக்குறி வந்துவிட்டால் என்ன செய்வது என்பது அடுத்தது. ஹெக்ஸ் போடுங்கள். 3எஃப் 3எஃப் என்று வந்தால் அது உண்மையான கேள்விக்குறி. எழுத்து போயே போச்சு, பேக்கப்பைத் தேடுங்கள். ஈ0 என்று தொடங்கினால் தரவு நலம், திருப்பி அனுப்பும் வழியில், அதாவது கேரக்டர்_செட்_ரிசல்ட்ஸில், கோளாறு. சி3 ஏ0 என்று தொடங்கினால் இரட்டைக் குறியாக்கம்: யூடிஎஃப்8 பைட்களை யாரோ லத்தீன்1 என்று அறிவித்து அனுப்பியிருக்கிறார்கள், சர்வர் நல்ல பிள்ளையாக அதை மறுபடி யூடிஎஃப்8 ஆக்கியிருக்கிறது. மூன்று பைட் 'அ' இப்படி ஏழு பைட் ஆகும். மீட்க, ஃபீல்டை கன்வர்ட் யூசிங் லத்தீன்1, அதன் மேல் காஸ்ட் ஆஸ் பைனரி, அதன் மேல் கன்வர்ட் யூசிங் யூடிஎஃப்8எம்பி4 என்று மூன்றடுக்காகப் போட வேண்டும். முதலில் செலக்டில் பார்த்துவிட்டு, சி3 ஏ0 உள்ள வரிசைகளில் மட்டும் அப்டேட் செய்யுங்கள். சரியான தமிழ் வரிசையில் இதை ஓட்டினால் முதல் அடுக்கிலேயே எல்லாம் கேள்விக்குறி.

இந்த மீட்பைச் சர்வருக்குள்ளேயே செய்வது நல்லது. மைஎஸ்க்யூஎல் லத்தீன்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸ் 1252. அதில் பொருள் இல்லாத ஐந்து பைட்களையும் (81, 8டி, 8எஃப், 90, 9டி) அது தூக்கிப் போடாமல் அதே எண்ணுள்ள யூனிகோட் குறியீடாக வைத்துக்கொள்கிறது. தமிழ்ப் புள்ளியின் கடைசி பைட் 8டி. 'ஏ' எழுத்தின் கடைசி பைட் 8எஃப், 'ஐ' எழுத்துக்கு 90. கண்டிப்பான 1252 வைத்திருக்கும் வெளி நிரலில் இதே மீட்பை முயன்றால் முதல் புள்ளியிலேயே பிழை வரும், இல்லையென்றால் புள்ளிகள் எல்லாம் உதிர்ந்த தமிழ் வரும். சர்வரின் இந்தச் சிறிய பெருந்தன்மைக்கு ஒரு மதிப்பெண் கூடவே கொடுத்திருக்கிறோம்.

க்ரூப்_கான்கேட் பற்றிச் சுருக்கமாக: அதன் எல்லை 1024 பைட், எழுத்து அல்ல. தமிழில் அது 341 குறியீடு. வெட்டினால் எச்சரிக்கை எண் 1260 மட்டும் வரும், அதை யாரும் பார்ப்பதில்லை; க்ரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் மாறியை உயர்த்திக்கொள்ளுங்கள். ஜேசனுக்குள் இருக்கும் ஸ்ட்ரிங் எப்போதும் யூடிஎஃப்8எம்பி4_பின், ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே வேறு வேறு.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இந்தத் தலைவலியைப் பாதி தவிர்க்கிறது. அங்கே ஒரு டேட்டாபேஸுக்கு ஒரே குறியாக்கம். ஃபங்ஷன் விடை எந்தக் கேரக்டர் செட் என்ற கேள்வியே எழாது. பைட்கள் பைட்டியா என்ற தனி வகையில் இருப்பதால் டெக்ஸ்டோடு தானாகக் கலக்காது, கன்வர்ட்_ஃப்ரம் என்று கேட்டுத்தான் மாற்ற வேண்டும். கொலேஷன் மோதல் மட்டும் அங்கும் உண்டு. பல கேரக்டர் செட்களில் கிடக்கும் பழைய தரவை ஒரே டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு மெதுவாக மாற்ற வேண்டியவர்களுக்கு மைஎஸ்க்யூஎல்லின் வழிதான் வசதி. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த வசதியால் பயனில்லை, அதன் சிக்கல் மட்டும் மிஞ்சும்.

பழைய சர்வரிலிருந்து 8.4-க்கு வருபவர்கள் டேபிள்களை மட்டும் சரிபார்த்துவிட்டு நிற்க வேண்டாம். இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவின் ரொட்டீன்ஸ் டேபிளில் டேட்டாபேஸ்_கொலேஷன், கொலேஷன்_கனெக்ஷன், கொலேஷன்_நேம் மூன்றையும் எடுங்கள். பாராமீட்டர்களின் கொலேஷன் பாராமீட்டர்ஸ் டேபிளில் தனியாக இருக்கிறது. வியூக்களும் உருவான நேரத்து இணைப்பின் கொலேஷனைச் சுமந்துகொண்டிருக்கும், வியூஸ் டேபிளில் அதையும் பாருங்கள். டேபிள்களின் கொலேஷனோடு ஒத்துப்போகாதவற்றை, சரியான செட் நேம்ஸ் போட்ட இணைப்பில் நின்றுகொண்டு நீக்கி மறுபடி உருவாக்குங்கள். தவறான இணைப்பில் நின்று உருவாக்கினால் வியூ மறுபடியும் தவறான கொலேஷனையே பிடித்துக்கொள்ளும்.